ஊரைக் காக்கும் கரை

தஞ்சாவூருக்குக் கிழக்கே, நாகப்பட்டினம் போகும் சாலையில் சில மைல் சென்றால் புன்னைநல்லூர் வருகிறது. அங்கே எழுந்தருளியிருக்கும் மாரியம்மன் புற்றுமண்ணால் ஆனவள். ஆகையால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது, தைலக் காப்புத்தான். கோடைக் காலத்தில் அம்மனின் திருமுகத்தில் முத்து முத்தாக வியர்வை அரும்பும் என்று பக்தர்கள் சொல்வார்கள். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் துளஜா ராஜாவின் மகள் நோய்வாய்ப்பட்டுப் பார்வையை இழந்தாள் என்றும், இந்தச் சந்நிதியில் வேண்டிக் கொண்ட பிறகு பார்வை திரும்பிற்று என்றும் தல வரலாறு கூறுகிறது.

தல வரலாற்றைப் பற்றி வாதம் செய்ய நாம் முன்வரவில்லை. அந்தக் கதைக்குள்ளே இருக்கும் ஒரு செய்தியை மட்டும் நேயர்கள் கவனிக்க வேண்டும். அரண்மனையில் பிறந்த பெண்ணுக்கும் நோய் வந்தது. ராஜ வைத்தியர்களால் ஆவது ஒன்றுமில்லை என்ற நிலை வந்தது. கடைசியில் மன்னனும் குடியானவனும் ஒரே சந்நிதியில் கை கூப்பி நின்றார்கள். காவேரி பாயும் நாட்டில் மாரியம்மன் கோயில் இல்லாத கிராமம் அரிது. சமயபுரத்தில் பூச்சொரிகிறார்கள். வலங்கைமானில், நோயிலிருந்து பிழைத்தவர்கள் பிணம்போல் பாடையில் படுத்துக் கோயிலுக்குத் தூக்கிச் செல்லப்படும் 'பாடைக் காவடி' இன்றும் நடக்கிறது. இவ்வளவு ஊர்களில் இவ்வளவு நேர்த்திக் கடன்கள் ஏற்பட்டிருக்கின்றன என்றால், அந்தக் காலத்து ஜனங்களின் மனத்தில் குடிகொண்டிருந்த பயம் எத்தகையது என்று ஊகித்துக் கொள்ளலாம்.

அந்தப் பயத்துக்குப் பெயர் வைசூரி, பெரியம்மை. கண்டவர்களில் பத்துக்கு மூன்று பேரைக் கொண்டு போகும் நோய் அது. தப்பியவர்கள் முகத்தில் ஆயுள் முழுதும் வடு நிற்கும். பலருக்குக் கண் போகும். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் உலகத்தில் 30 கோடிப் பேர் அதற்கு இரையானார்கள் என்று கணக்கிடுகிறார்கள். இன்று அந்த நோய் பூமியில் எங்கும் இல்லை. அது எப்படி ஒழிந்தது, ஒழிந்ததில் நம்மவர் பங்கு என்ன, அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் யாது என்பவற்றையே இக்கட்டுரையில் சொல்லப் புகுகிறோம்.

வேப்பிலை சொன்ன விஷயம்

நம் முன்னோர்கள் அம்மையைக் கண்டு கைகட்டி நிற்கவில்லை. வீட்டில் ஒருவருக்கு 'அம்மை வார்த்தது' என்றால், வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகி விடுவார்கள். அதைக் கண்டவர்கள் அவ்வீட்டுப் படி ஏற மாட்டார்கள். துணி வெளுக்கப் போகாது. விருந்தினர் வர மாட்டார்கள். அடுப்பில் தாளிப்பதுகூட இல்லை. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விடும் வரையில் இந்தக் கட்டுப்பாடு நீடிக்கும். பக்தியின் பெயரால் நடந்த இந்த ஏற்பாட்டில், நோயாளியைப் பிரித்து வைக்க வேண்டும் என்ற வைத்திய சூட்சுமம் அடங்கியிருந்தது.

இன்னும் ஒரு விஷயமும் பாட்டிமார்களுக்குத் தெரியும். பெரியம்மை ஒரு தரம் கண்டு பிழைத்தவரை அது மறுபடி தீண்டுவதில்லை. ஆகவே நோயாளிக்குப் பணிவிடை செய்ய, முகத்தில் வடு உள்ளவரையே அமர்த்துவார்கள். தடுப்பூசி என்ற சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு அனுபவத்தின் மேல்தான் எழுந்திருக்கிறது. உடம்பு ஒரு பகைவனை ஒரு முறை பார்த்து விட்டால் அடையாளம் மறப்பதில்லை. அடுத்த முறை அவன் வாசலுக்கு வரும்போதே பிடித்து விடுகிறது. நோயின் துன்பத்தைப் படாமலே அந்த அடையாளத்தை மட்டும் உடம்புக்குக் கற்றுக் கொடுக்க முடியுமா? கேள்வி இதுதான்.

இதற்கு விடை கண்டவர் இங்கிலாந்தில் ஒரு கிராமத்து வைத்தியரான எட்வர்ட் ஜென்னர். பால் கறக்கும் பெண்களுக்கு மாட்டின் மடியிலிருந்து கையில் தொற்றும் லேசான 'பசு அம்மை' வந்து போனால், பிறகு பெரியம்மை வருவதில்லை என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் பேசிக் கொண்டார்கள். 1796-ஆம் வருஷம் மே மாதம் 14-ஆம் தேதி, அத்தகைய பெண் ஒருத்தியின் கையிலிருந்த கொப்புளத்துப் பாலை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையில் கீறி வைத்தார் ஜென்னர். பிறகு பெரியம்மைப் பாலையே வைத்துப் பார்த்தபோதும் சிறுவனுக்கு ஒன்றும் நேரவில்லை. 1798-இல் அவர் தம் ஆராய்ச்சியை அச்சிட்டு வெளியிட்டார்.

கைக்குக் கை வந்த பால்

அந்தப் பால் நம் நாட்டுக்கு வந்த விதம் ஒரு பெரிய யாத்திரை. சீசாவில் அடைத்துக் கப்பலில் அனுப்பினால் வெயிலில் வீரியம் போய்விடும். ஆகவே வியன்னா நகரத்து வைத்தியர் ஒருவரின் முயற்சியால் கான்ஸ்டான்டிநோபிள், பாக்தாத், பாஸ்ரா என்று ஊர் ஊராகக் கடந்து, கடைசியில் பம்பாய் வந்து சேர்ந்தது. அங்கே 1802-ஆம் வருஷம் ஜூன் 14-ஆம் தேதி அன்னா டஸ்டால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அது வைக்கப்பட்டுப் பலித்தது. இந்தியாவில் முதல் முதல் அம்மைப்பால் ஏற்றது அந்தக் குழந்தையின் கைதான். அதன் கொப்புளத்திலிருந்து எடுத்த பால் மற்றக் குழந்தைகளுக்குச் சென்றது. அவர்களிடமிருந்து புனா, சூரத்து, ஹைதராபாத், சென்னை, இலங்கை என்று பரவிற்று. எட்டு நாளைக்கு ஒரு தரம் புதிய கை கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் சங்கிலி அறுந்து விடும்.

அந்தச் சமயத்தில் தஞ்சையில் ஆண்டு கொண்டிருந்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். 1799-இல் ராஜ்ய நிர்வாகத்தைக் கும்பினியாரிடம் இழந்துவிட்ட அவருக்கு, கோட்டைக்குள் மிஞ்சியிருந்தது கல்வி ராஜ்யம்தான். சரஸ்வதி மகாலில் ஏடுகளையும் புத்தகங்களையும் சேர்த்தார். தன்வந்தரி மகாலில் நாட்டு வைத்தியமும் மேனாட்டு வைத்தியமும் அருகருகே ஆராயப்பட்டன. கண் நோயாளிகளின் விவரங்களைக் கண்ணின் வர்ணச் சித்திரத்தோடு எழுதி வைத்த ஏடுகள் இன்றும் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. அதே மன்னர் புன்னைநல்லூர்க் கோயிலுக்கும் திருப்பணி செய்தவர். அம்மனுக்கு மண்டபமும், வைத்தியத்துக்கு மகாலும் ஒரே கையால் கட்டப்பட்டன. இரண்டுக்கும் விரோதம் இருப்பதாக அவர் கருதவில்லை.

காவேரி தஞ்சைக்கு வருமுன் ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றிக் கொண்டு வருகிறாள் அல்லவா? அந்த மைசூர்ச் சீமையின் அரண்மனையில் அம்மைப்பாலுக்கு ஒரு பெரிய ஆதரவு கிடைத்தது. 1805-இல் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் மூன்று ராஜ ஸ்திரீகளை ஒரு படத்தில் தீட்டினார். அவர்களில் ஒருத்தி தன் சேலைத் தலைப்பை விலக்கி மேற்கையைக் காட்டுகிறாள். இளம் அரசர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு மணமகளாக வந்த தேவஜம்மணியே அவள் என்றும், அம்மை குத்திய இடத்தையே அவள் காட்டுகிறாள் என்றும் நைஜல் சான்ஸ்லர் என்ற சரித்திர ஆசிரியர் கருதுகிறார். அரண்மனையில் மூத்த ராணியாக விளங்கிய லக்ஷ்மி அம்மணி தம் கணவரை அம்மையில் பறிகொடுத்தவர். அவருடைய ஆதரவில்லாமல் இது நடந்திராது. ராணியே கையைக் காட்டிய பிறகு குடிகள் தயங்குவானேன் என்பதே அந்தப் படத்தின் யுக்தி போலும்!

ஏன் தயங்கினார்கள்?

குடிகள் தயங்கத்தான் செய்தார்கள். அதற்குக் காரணங்களும் இருந்தன. பால் ஒரு குழந்தையின் கையிலிருந்து மற்றொரு குழந்தையின் கைக்குப் போக வேண்டும். அக்கிரகாரத்துக் குழந்தைக்குச் சேரிக் குழந்தையின் கையிலிருந்து பாலெடுப்பதா என்று அந்நாளில் கேட்டார்கள். நோய் மட்டும் இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்குப் போக யாருடைய உத்தரவையும் கேட்கவில்லை என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. கீறிய இடம் புண்ணாகி வேறு வியாதிகள் தொற்றியதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மை குத்த வந்தவன் அந்நியருடைய சர்க்காரின் சேவகன். வரி கேட்கும் அதே சர்க்கார் கையையும் நீட்டச் சொன்னால், ஜனங்கள் குழந்தைகளை வைக்கோற்போரில் ஒளித்து வைத்ததில் ஆச்சரியம் என்ன?

ஜனங்களின் மனத்தைத் திருப்பச் சிலர் கதையும் கட்டினார்கள். சென்னையில் கலெக்டராக இருந்து, திருக்குறளுக்கு உரை எழுத முற்பட்ட எல்லிஸ் துரை, சக்திக்கும் தன்வந்தரிக்கும் நடந்த சம்பாஷணையாகத் தமிழில் ஒரு நூல் எழுதினார். பசு தரும் பொருள்களோடு இந்தப் பாலும் ஒரு கொடை என்பது அதன் சாரம். பசு அம்மை குத்தும் முறை பழைய வைத்திய கிரந்தத்திலேயே உண்டு என்று ஒரு சுலோகமும் அக்காலத்தில் உலவிற்று. பழைய ஆயுர்வேத நூல்களை ஆராய்ந்தவர்கள் அப்படி ஒன்றும் அவற்றில் இல்லை என்று காட்டி விட்டார்கள். இல்லாத பெருமையை நாம் உரிமை கொண்டாட வேண்டியதில்லை. பிறர் கண்ட நன்மையை ஏற்று, அதை முடித்து வைத்த பெருமை நமக்கு உண்டு, அதுவே போதும்.

தேச பக்தர்களிலும் மாறுபட்ட கருத்துடையோர் இருந்தார்கள். மகாத்மா காந்தியே அம்மைப்பால் வைப்பதைக் கண்டித்து எழுதியிருக்கிறார். அது அசுத்தமானது என்பதும், கன்றுகளைத் துன்புறுத்திப் பாலெடுப்பது அஹிம்சைக்கு மாறானது என்பதும் அவருடைய ஆட்சேபங்கள். அடிகளிடம் நாம் கற்றது ஏராளம். இந்த ஒரு விஷயத்தில் காலம் வேறு தீர்ப்புக் கூறி விட்டது என்பதைச் சொல்லாமல் விடுவதும் அவர் போற்றிய சத்தியத்துக்கு அழகன்று.

கிண்டியிலிருந்து பச்சேரா வரையில்

கைக்குக் கை மாற்றும் வழக்கம் மெல்ல மெல்ல நின்றது. சென்னைக்கு அருகே கிண்டியில் ஏற்பட்ட கிங் இன்ஸ்டிடியூட்டில், கன்றுகளின் உடலிலிருந்து அம்மைப்பால் தயாராகி ஜில்லாக்களுக்குப் போயிற்று. வெயிலில் கெடும் குறையும் பிறகு தீர்ந்தது. பாலை உறையச் செய்து உலர்த்திப் பொடியாக்கும் முறை வந்தது; இரண்டு முனைகளுள்ள சிறு ஊசி வந்தது. எழுத்தறியாதவரும் சிறிது பயிற்சி பெற்று அந்த ஊசியால் குத்தி விடலாம்.

சென்னைத் தொற்று நோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவும் அவருடைய கூட்டாளிகளும் 1960-களில் நூற்றுக்கணக்கான குடும்பங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பெரியம்மை காற்றாய்ப் பறந்து ஊரைப் பிடிப்பதில்லை. பெரும்பாலும் நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் நெருங்கி இருப்பவரையே பிடிக்கிறது என்று கண்டார்கள். வேப்பிலைக் கொத்துச் சொன்ன விஷயத்தை அவர்கள் கணக்குப் போட்டு நிரூபித்தார்கள் என்றே சொல்லலாம். நோய் கண்ட வீட்டைக் கண்டுபிடித்து, சுற்றியுள்ளவர்களுக்கெல்லாம் ஊசி போட்டு வளைத்து விட்டால் நோய் அங்கேயே மடியும் என்ற நம்பிக்கைக்கு இத்தகைய ஆராய்ச்சிகள் பலம் தந்தன.

தென்னாட்டில் நோய் முன்னதாகவே அடங்கியது. வடக்கே பீகாரிலும் அதன் அண்டைப் பிரதேசங்களிலும் 1974-ஆம் வருஷத்து முதல் ஐந்து மாதங்களில் மட்டும் 15,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆயிரக்கணக்கான சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். நோயாளி இருக்கும் இடத்தைச் சொல்பவருக்குப் பரிசு உண்டு என்று அறிவித்தார்கள். அந்தப் பரிசு கடைசியில் 1,000 ரூபாய் வரை உயர்ந்தது. 1975-ஆம் வருஷம் மே மாதம், பீகாரில் கடிஹார் ஜில்லாவைச் சேர்ந்த பச்சேரா கிராமத்தில் கண்டதே இந்நாட்டில் தோன்றிய கடைசிப் பெரியம்மை. எல்லை தாண்டி வந்த நோயும் அதே மாதத்தில் அஸ்ஸாமில் தடுக்கப்பட்டது. 1980 மே 8-ஆம் தேதி, உலகம் முழுவதும் பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்தது. அந்நியர் ஆட்சியில் கட்டாயத்தாலும் முடியாத காரியத்தைச் சுதந்திர நாட்டின் ஊழியர்கள் முடித்துக் காட்டினார்கள்.

கரையின் கணக்கு

இனி, இதனால் தனி மனிதனுக்கு என்ன, ஊருக்கு என்ன என்பதைப் பார்ப்போம். பழைய தஞ்சை ஜில்லா இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று பிரிந்திருக்கிறது. பெயர்தான் பிரிந்ததே தவிர, வாய்க்கால்கள் பிரியவில்லை. அந்த வாய்க்கால்களைப் பார்த்தாலே இந்த விஷயம் விளங்கும்.

ஆற்றங்கரை ஒருவனுடைய சொத்தன்று. வெள்ளம் வரும் காலத்தில், 'என் வயலுக்கு நேரே உள்ள கரையை நான் உயர்த்தினால் உயர்த்துகிறேன், விட்டால் விடுகிறேன்' என்று ஒரு மிராசுதார் சொல்ல முடியுமா? அவன் விட்ட இடத்தில் உடைப்பெடுத்தால் முழுகுவது அவன் வயல் மட்டுமா? குடிமராமத்து என்று நம்மவர் ஏற்படுத்திய வழக்கத்தின் தாத்பரியமே இதுதான். தடுப்பூசியும் ஊரார் கூடிப் போடும் கரை.

கணக்கைப் பாருங்கள். தட்டம்மை கண்ட ஒரு குழந்தை, பாதுகாப்பில்லாத ஊரில், பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அதைக் கொடுக்கும். பதினைந்து என்று வைத்துக் கொள்வோம். அந்தப் பதினைந்து பேரில் பதினாலு பேருக்குக் காப்பு இருந்தால், நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத்தான் போகும். அதற்கு மேலும் காப்பு இருந்தால் நோய் தேய்ந்து மடிந்து விடும். இதனால்தான் தட்டம்மைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது காப்பு வேண்டும் என்கிறார்கள். பெரியம்மை ஒருவரிடமிருந்து ஏறக்குறைய ஐந்து பேருக்குப் போவது; அதற்கு நூற்றுக்கு எண்பது போதும்.

மீதி ஐந்து பேர் யார்? பிறந்து சில மாதங்களே ஆன சிசு. புற்று நோய்க்குச் சிகிச்சை பெறும் சிறுமி. ஊசி போட்டும் காப்பு ஏறாத சிலர். இவர்கள் தாங்களே கரை போட இயலாதவர்கள். மற்றவர்கள் போட்ட கரையின் நிழலில் வாழ்பவர்கள். கரை போடக்கூடிய ஒருவர், 'எல்லாரும் போட்டிருக்கிறார்களே, நமக்கென்ன?' என்று ஒதுங்கினால், அவர் பிடித்துக் கொள்வது இந்தச் சிசுவின் இடத்தைத்தான்.

ஆனால் எல்லா நோய்க்கும் ஊர்க்கரை உதவாது. நெல் விளையும் நாட்டில் இதைக் கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டும். ரண ஜன்னியின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது. அறுவடைக் காலத்தில் அரிவாள் பட்ட காயத்திலோ, சேற்றில் முள் குத்திய காலிலோ அது புகுந்து விடும். மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் நோயன்று அது. ஆகையால் ஊரெல்லாம் ஊசி போட்டிருந்தாலும் போடாதவனுக்குப் பயனில்லை. கர்ப்பிணிக்கு ஊசி போட்டால் அதன் பலன் பிறக்கும் குழந்தைக்கும் சேருகிறது. இந்த ஊசியாலும் சுத்தமான பிரசவத்தாலும், பச்சிளங் குழந்தைகளை வாரிக் கொண்டு போன ஜன்னி இந்தியாவில் அடங்கியது என்று 2015-இல் உறுதி செய்யப்பட்டது.

மூளைக் காய்ச்சலில் ஒரு வகையும் அப்படித்தான். நீர் நிற்கும் நெல் வயலில் முட்டையிடும் கொசு, கொக்கு நாரைகளிடமிருந்தும் பன்றிகளிடமிருந்தும் அதை மனிதருக்குக் கொண்டு வருகிறது. இந்தியாவில் மனிதரிடம் அது முதலில் கண்டறியப்பட்டது 1955-இல், நமது வேலூர்ப் பக்கத்திலேதான். பச்சைப் பசேலென்ற நாற்றங்காலின் அழகைப் பாடுகிறவர்கள் அதன் கொசுவையும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது! மனிதரோடு முடிந்து விடும் நோயாகையால், இதற்கும் ஒவ்வொருவரும் தம் கரையைத் தாமே போட்டுக் கொள்ள வேண்டும். தெரிந்தெடுத்த ஜில்லாக்களில் குழந்தைகளுக்கு இந்த ஊசியையும் சர்க்கார் போட்டு வருகிறது.

குறையும் உண்டு

நன்மையை மட்டும் சொல்லி, குறையை மறைப்பது நாம் வாசகர்களுக்குச் செய்யும் நேர்மையாகாது. 1955-இல் ராஜாஜி அவர்கள், க்ஷயத்துக்கான பி.ஸி.ஜி. ஊசியை ஊர் ஊராகப் போடுவதைப் பலமாக எதிர்த்தார். பலர் அவர்மீது கோபித்துக் கொண்டார்கள். பிறகு, 1968-இல் தொடங்கி, செங்கற்பட்டு ஜில்லாவில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களிடையே பெரிய சோதனை ஒன்று நடத்தப்பட்டது. வயது வந்தவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிய வந்தது. ஆனால் சிசுக்களின் மூளையைத் தாக்கும் க்ஷயத்திலிருந்து அது காப்பாற்றுகிறது என்பது வேறு ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டது. ஆகவே பிறந்தவுடன் அதைப் போடும் வழக்கம் நிலைத்தது. இதிலிருந்து தெரிவது என்ன? ஒவ்வொரு ஊசியையும் தனித்தனியே சோதித்து எண்ணிப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். கண்மூடி ஏற்பதும் கண்மூடி மறுப்பதும் ஒரே குற்றத்தின் இரண்டு முகங்கள்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் ஜில்லாவில், தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அந்தத் தாய்மாரின் துயரத்தைப் புள்ளி விவரத்தால் அளக்க முடியாது. அதன் பிறகு தமிழ்நாட்டில் ஊசி போடும் இடத்தையும் முறையையும் சர்க்கார் கடுமையாகத் திருத்தி அமைத்தது. மருந்து நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. அதைக் கரைக்கும் நீர், குத்தும் ஊசி, குளிர்ப் பெட்டி, போட்ட பின் அரை மணி நேரம் குழந்தையைக் கவனித்தல் எல்லாம் சரியாயிருக்க வேண்டும். இவற்றைக் கேட்டறிவது பெற்றோரின் உரிமை. கேள்வி கேட்பவரைச் சந்தேகப் பிராணி என்று தள்ளாமல் பதில் சொல்வது வைத்தியரின் கடமை. 2017-இல் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் ஊசி இங்கே வந்தபோது, கைப்பேசிகளில் வதந்திகள் பறந்தன. பதில் கிடைக்காத இடத்தில்தான் வதந்தி குடியேறும்.

மறதி என்னும் உடைப்பு

இன்று நமக்கு உள்ள அபாயம் பயம் அன்று, மறதி. பாடையில் படுத்துப் போன பாட்டனை நாம் பார்த்ததில்லை. வடு நிறைந்த முகங்கள் அருகி விட்டன. 2004-க்குப் பிறகு தமிழ்நாட்டில் இளம்பிள்ளை வாதம் காணவில்லை. 2011 ஜனவரியில் வங்காளத்து ஹௌராவில் கண்டதே இந்தியாவில் இயற்கைக் கிருமியால் வந்த அந்நோயின் கடைசி நிகழ்ச்சி. கால் சூம்பிய குழந்தையைப் பார்த்திராத இளம் பெற்றோருக்கு, அந்தச் சொட்டு மருந்து எதற்கென்று தோன்றலாம். வெள்ளம் வராத பத்து வருஷங்களில் கரையில் மாடு மேய விடுவது போன்றதே இது. அண்டைத் தேசமான கேரளத்தில், மலப்புரம் ஜில்லாவில் 2015, 2016-ஆம் வருஷங்களில், மறந்து போயிருந்த தொண்டை அடைப்பான் நோய் திரும்பி வந்து பிள்ளைகளின் உயிரைக் கொண்டு போயிற்று. ஊசி போடாதவர்களும், தொடங்கிப் பாதியில் விட்டவர்களும் சேர்ந்த இடத்தில் கரை உடைந்தது.

ஆகையால் நேயர்களுக்கு நாம் செய்யும் விண்ணப்பம் சுருக்கமானது. புதன்கிழமைதோறும் நம் கிராமத்துச் சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்கு இலவசமாக ஊசி போடுகிறார்கள். வீட்டில் இருக்கும் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பிறந்தவுடன் போட்டதும், ஆறு, பத்து, பதினாலாம் வாரங்களில் போட்டதும் பெரும்பாலும் நிறைந்திருக்கும். தவறிப் போவது ஒன்றரை வயதுக்கு மேல் வருவனதான்: தட்டம்மையின் இரண்டாவது தவணை, ஐந்து வயதில் ஒன்று, பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் ஜன்னி ஊசி. குழந்தை நடக்க ஆரம்பித்து விட்டால் அட்டை பரணுக்குப் போய் விடுகிறது. இதில் படித்த குடும்பங்களும் விலக்கல்ல. வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் குழந்தைக்கும், அறுவடைக்கு வந்து களத்தில் தங்கும் குடும்பத்தின் குழந்தைக்கும் அட்டை இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஊர் மாறிப் பிழைப்பவர்களின் பெயர்தான் பதிவேட்டில் முதலில் விட்டுப் போவது. நோய் நுழைவதும் அந்த விட்டுப் போன இடத்தின் வழியாகத்தான்.

ஐப்பசியில் மழை கொட்டும்போது கரையோரத்து ஜனங்கள் மண்வெட்டியும் மூங்கிலும் வைக்கோற்புரியுமாகக் கிளம்பிப் போகிறார்கள். இது யாருடைய வயல் என்று அப்போது எவரும் கேட்பதில்லை. குழந்தையின் கையில் போடும் ஊசியும் அதே கரைக்கு நாம் போடும் ஒரு கூடை மண். ஒரு கூடை சிறிதுதான். அது விழாத இடத்தில்தான் வெள்ளம் வழி கண்டு கொள்ளும்.